கவர்னர் தெருவுக்கு வந்தது யார்?

"மேடம், கவர்னர் கையில ஒரு கோலு வெச்சிகினு கீறாரே, அதுல வரிசையா ஓட்டை தெரியுது. சிலையில ஓட்டை போடணுமா, வோணாமா?"

குன்றத்தூரிலிருந்து சிற்பி போனில் கேட்டார். கோபுரங்களுக்குச் சுதைப் பொம்மை செய்கிறவர். அவருக்கு அனுப்பியிருந்த புகைப்படத்தை என் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓட்டைகள் இருந்தன. அது மட்டுமல்ல, கோலின் அடிப்பக்கம் ஊமத்தம்பூ மாதிரி விரிந்திருந்தது.

"ரெண்டு நாள் பொறுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

நான் மேற்குத் தாம்பரத்தில் ஓர் அச்சகத்தில் மலர் தொகுப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், குடியிருப்போர் சங்கப் பொன்விழா மலர் என்று தாம்பரத்திலிருந்து படப்பை வரை எந்த விழா நடந்தாலும் மலர் எங்களிடம் வரும். கட்டுரை வாங்குவது, வராவிட்டால் நானே எழுதுவது, புரூஃப் பார்ப்பது, படங்களைப் பக்கத்துக்குத் தக்கபடி கிராப் செய்வது எல்லாம் என் வேலை. இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் "தல வரலாறு எப்படி எழுதுறது?" என்று கேட்கிறார்கள். எப்படி எழுதக்கூடாது என்பதற்கு என்னிடம் ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

மூன்று மலர், ஒரே வதந்தி

முடிச்சூர் சாலையை ஒட்டிய ஒரு நகர். அதன் பிரதான தெருவுக்குப் பெயர் கவர்னர் தெரு. சங்கத்தின் பொன்விழாவுக்குத் தெரு முனையில் வளைவு கட்டி, அதன் கீழே கவர்னருக்கு இடுப்பளவுச் சிலை வைக்க முடிவு செய்திருந்தார்கள். ஒரு காலத்தில் கவர்னர் அந்தத் தெருவுக்கு வந்தார் என்பதும், அப்போது ஊர்ப் பெரியவர் ஒருவர் அவருக்கு மாலை போட்டார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. அந்தப் பெரியவரின் மகன்தான் சங்கத் தலைவர் தணிகாசலம். பூர்வீகமாக அங்கே நிலம் வைத்திருந்த குடும்பம். இப்போது அந்த நிலத்தில் கல்யாண மண்டபமும் கடைகளும் இருக்கின்றன.

செயலாளர் ராமநாதன் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். முதல் சந்திப்பிலேயே என் மேஜையில் மூன்று பழைய மலர்களை அடுக்கினார்.

"மேடம், மூணு இண்டிபெண்டென்ட் சோர்ஸ். கோயில் மலர், ஸ்கூல் மலர், நம்ம வெள்ளி விழா மலர். மூணுலயும் கவர்னர் வந்தது இருக்கு. இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும்?"

வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்தேன். மூன்றிலும் பழையது கோயில் மலர். அதில், "கவர்னர் இத்தெருவுக்கு விஜயம் செய்ததாகப் பெரியோர் கூறுவர்" என்று ஒரே ஒரு வரி. பள்ளி மலர் அந்த வரியை எடுத்துக்கொண்டு, "குதிரைப்படை சூழ" என்று சேர்த்திருந்தது. வெள்ளி விழா மலரில் பள்ளி மலரை ஆதாரம் காட்டிக் கவர்னர் ஏரியைப் பார்வையிட்டு, குடிமராமத்து பற்றி விசாரித்து, மக்களின் விருந்தோம்பலில் உருகிப் போயிருந்தார்.

மறுநாள் ராமநாதனிடம், "சார், இது மூணு சோர்ஸ் இல்ல. ஒரே ஆள் மூணு சட்டை மாத்திக்கிட்டு நிக்கிறான்" என்றேன்.

"அந்தப் பெரியோர் யாருன்னு எழுதலையே தவிர, பெரியோர் சும்மா சொல்வாங்களா?"

"எந்தக் கவர்னர் சார்?"

"வெள்ளைக்காரன்தான்."

"தலைவரோட அப்பா மாலை போட்டார்னு சொல்றீங்க. வெள்ளைக்காரன் காலத்துல அவர் இளவட்டமா இருந்திருப்பாரே, ஊர்ப் பெரியவர் ஆகியிருக்க மாட்டாரே?"

ராமநாதன் சற்று யோசித்தார். "அப்போ சுதந்திரத்துக்கு அப்புறம்" என்று கவர்னரை நகர்த்தி வைத்தார். கவர்னரும் மறுப்பு எதுவும் சொல்லவில்லை.

நேரில் பார்த்தவர்

நேரில் பார்த்த ஒருவர் உயிரோடு இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். தாண்டவன் என்று பெயர். அந்தப் பக்கம் வீடுகளுக்குப் பால் ஊற்றியவர். எண்பது வயதிருக்கும், காது நன்றாகக் கேட்கும். ராமநாதனும் நானும் போனோம்.

"கவர்னர் வந்தத நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்றேன்! இந்தக் கண்ணால பாத்தேன். பேண்டு வாசிச்சிகினு, பெட்ரோமாக்ஸ் லைட்டு தூக்கிகினு, ஊரே தெரண்டு நின்னுச்சு."

ராமநாதன் என்னை வெற்றியோடு பார்த்தார்.

"எதுல வந்தார்?"

"டிராக்டர்ல."

ராமநாதனின் பேனா நின்றது. "ஜீப்பா இருக்கும்."

"டிராக்டருபா. புது டிராக்டரு. வாழ மரம் கட்டியிருந்தாங்க."

"செக்யூரிட்டி ரீசன்" என்று என் காதில் சொல்லிவிட்டு ராமநாதன் எழுதிக்கொண்டார்.

"வந்து என்ன செஞ்சார்?"

"சாப்ட்டாரு. எல மேல ரெண்டு தபா பாயசம் வாங்கிகினாரு. நல்ல மனுசன். அப்பால எங்க கெணத்து இஞ்சின் நின்னு பூட்சி, அதைக் கூட வந்து பாத்துட்டுப் போனாரு."

திரும்பி வரும் வழியில் ராமநாதன் பரவசமாக இருந்தார். "பாத்தீங்களா மேடம், மக்களோட பந்தியில உக்காந்து சாப்பிட்டிருக்கார். விவசாயியோட கிணத்தை இன்ஸ்பெக்ட் பண்ணியிருக்கார். இப்படி ஒரு கவர்னரை இன்னிக்குப் பாக்க முடியுமா?"

பார்க்க முடியாது என்றுதான் எனக்கும் தோன்றியது. தாண்டவன் பொய் சொல்லவில்லை என்பதும் தெரிந்தது. பொய் சொல்கிறவர் குதிரை என்றுதான் சொல்வார், டிராக்டர் என்று சொல்லமாட்டார். அவர் பார்த்தது உண்மை. என்னத்தைப் பார்த்தார் என்பதுதான் விளங்கவில்லை.

கிராப் செய்த படம்

சிற்பியின் போன் வந்தது இதற்குப் பிறகுதான். புகைப்படம் தணிகாசலம் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. வெள்ளைச் சீருடை, தோளில் ஜரிகைக் குஞ்சம், மார்பில் பதக்கங்கள், முறுக்கு மீசை, கையில் கோல். அதுதான் கவர்னர். அவர் பக்கத்தில் தணிகாசலத்தின் அப்பா இரண்டு கைகளாலும் பெரிய ரோஜா மாலையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்.

நேரில் போய்ப் பார்த்தேன். வாழ்நாளெல்லாம் படத்தை வெட்டிப் பிழைத்தவளுக்கு முகத்தைவிட ஓரம்தான் முதலில் கண்ணில் படும். வலது ஓரம் கத்தரிக்கப்பட்டிருந்தது. மாலையின் கீழ்ப்பாதி அந்த ஓரத்தோடு போய்விட்டது. அப்பா கவர்னரைப் பார்க்கவே இல்லை. அவருக்கு மறுபுறம், வெட்டுப்பட்ட பக்கத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"தலைவரே, இந்தப் படத்தோட மீதி எங்க?"

"மீதியா? பிரேம் கடைக்காரன் சைசுக்கு வெட்டியிருப்பான் மேடம். எனக்கு நெனவு தெரிஞ்சதுலேர்ந்து இப்டித்தான் கீது."

"வேற காப்பி யார்கிட்டயாவது இருக்குமா?"

அவர் முகம் மாறியது. "எங்க அக்கா வூட்ல இருக்கலாம். அனகாபுத்தூர்ல கீறாங்க. நாங்க பேசிக்கிறது இல்ல." நிலத் தகராறு. இருவரும் பேசாமலேயே அவர் தலை நரைத்துவிட்டது. "நீங்க போறதுன்னா போங்க. நான் அனுப்புனேன்னு சொல்லாதீங்க."

கூட வந்திருந்த ராமநாதன் வாசலில் தடுத்தார். "அந்தம்மா எதுக்கு மேடம்? அவங்க நம்ம அசோசியேஷன் மெம்பரே இல்லயே."

அனகாபுத்தூர்

கன்னியம்மாள் வீடு ஆற்றுப் பக்கத்துச் சந்து ஒன்றில் இருந்தது. மழை வந்தால் தண்ணீர் ஏறும் இடம் என்பதால் வாசலில் இடுப்பளவு படி கட்டியிருந்தார்கள். எழுபத்தைந்து வயதிலும் நிமிர்ந்த உடம்பு. நான் என்ன வேலையாக வந்தேன் என்று சொன்னதும், "கவர்னருக்கு செலையா? யாரு வெக்கிறா?" என்றார்.

"சங்கத்துல வெக்கிறாங்கம்மா."

"தணிகாவுமா?"

"அவர்தான் தலைவர்."

அவர் கண்கள் கலங்கிவிட்டன. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார். எனக்குப் புரியவில்லை. கவர்னருக்குச் சிலை வைத்தால் இந்த அம்மா ஏன் அழ வேண்டும்?

"போட்டோ இருக்காம்மா?"

பீரோவிலிருந்து எடுத்து வந்தார். வெட்டாத படம். இடது பக்கம் வெள்ளைச் சீருடை. நடுவில் அப்பா, மாலையோடு. அந்த மாலை போய் விழும் இடத்தில், வாழை மரம் கட்டிய டிராக்டரின் பக்கத்தில், பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக ஒரு மாப்பிள்ளை. மீசை இல்லாத சின்ன முகம். அவர் தோளில் அம்மணமாக ஒரு குழந்தை.

"இவர் யாரும்மா?"

"இன்னாம்மா இப்டி கேக்குற? இவருதான் கவர்னரு. எங்க வூட்டுக்காரரு."

படத்தைக் கண்ணருகே கொண்டுபோனேன். பிறகு சீருடையைக் காட்டி, "அப்போ இவர்?" என்றேன்.

"அவுரு பேண்டு மாஸ்டரு. பல்லாவரத்துலேர்ந்து வந்தாரு. கெளாரினெட்டு நல்லா வாசிப்பாரு."

பிறகு அவரே பொறுமையாகச் சொன்னார். கணவர் பெயர் ஏகாம்பரம். டீசல் என்ஜின் மெக்கானிக். அந்தக் காலத்தில் அந்தப் பக்கமெல்லாம் வயல். கிணற்றுக்குக் கிணறு டீசல் என்ஜின் ஓடியது. என்ஜினில் வேகத்தைக் கட்டுப்படுத்த ஒரு பாகம் உண்டு, அதன் பெயர் கவர்னர். அது கெட்டால் என்ஜின் பேய் பிடித்த மாதிரி ஓடும், இல்லையென்றால் இருமி இருமி நின்றுவிடும். அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் ஏகாம்பரம் ஒருத்தர்தான். 'கவர்னரு கெட்டுப் பூட்சி, கவர்னர கூப்புடு' என்று ஊரில் ஆரம்பித்து, ஆளுக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. அவர் பட்டறை இருந்த தெருதான் கவர்னர் தெரு. அவர் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் தணிகாசலத்தின் அப்பா பெண் கொடுத்தார்.

"கல்யாணம் ஆயி கொஞ்ச வருசம்தான். லாரி மோதி பூட்டாரு. நான் எங்க மாமியார் வூட்டோட இங்க வந்துட்டேன். தணிகா அப்போ சின்னப் புள்ள. அவனுக்கு எங்க தெரியும்?"

"உங்ககிட்ட இதுவரைக்கும் யாரும் வந்து கேக்கலயா?"

"யாரு வந்து கேட்டாங்க? நீதான் வந்த."

பின்கட்டுக்கு அழைத்துப் போனார். கோழிக்கூட்டின் மேல் ஒரு தகரம் போட்டிருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தார். பச்சை பெயிண்டில் எழுத்து தெரிந்தது:

*இங்கு கவர்னர் கழற்றி, சுத்தம் செய்து, திரும்ப மாட்டித் தரப்படும்.*

தொழில் வாழ்க்கையில் எத்தனையோ கல்வெட்டுப் படங்களை அச்சேற்றியிருக்கிறேன். இவ்வளவு தெளிவான கல்வெட்டை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

குன்றத்தூரில்

கன்னியம்மாள் சிலையைப் பார்த்தே ஆகவேண்டும் என்றார். ஆட்டோ பிடித்துக் குன்றத்தூர் போனோம். சிற்பியின் கொட்டகையில் இரண்டு துவாரபாலகர்களுக்கு நடுவே கவர்னர் காய்ந்துகொண்டிருந்தார். சிற்பிக்குக் கை பழகியது சாமி முகம். ஆகவே பேண்டு மாஸ்டருக்குப் பாதி மூடிய அருட்கண்களும் சிவந்த உதடுகளும் வந்திருந்தன. அபயஹஸ்தம் ஒன்றுதான் பாக்கி.

கன்னியம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். நிற்க முடியாமல் மணல் மூட்டையின் மேல் உட்கார்ந்து சிரித்தார். அந்த நேரம் பார்த்துத் தணிகாசலமும் ராமநாதனும் காரில் வந்து இறங்கினார்கள். நான்தான் வரச் சொல்லியிருந்தேன், யார் இருப்பார்கள் என்று மட்டும் சொல்லவில்லை.

தணிகாசலம் அக்காவைப் பார்த்ததும் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டார். வந்த வழியே திரும்பிப் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம்.

"டேய் தணிகா" என்றார் கன்னியம்மாள். "மாமன வுட்டுட்டு பேண்டு மாஸ்டருக்கு செலை வெச்சிகினு கீறியேடா!"

படத்தை அவரிடம் நீட்டினேன். வெகு நேரம் பார்த்தார். விரல் மாப்பிள்ளையின் தோளுக்குப் போனது.

"யாருக்கா இந்தப் புள்ள?"

"நீதான்டா. மாமாவ வுட்டு எறங்கமாட்டேன்னு ஒரே அடம். மால போடக்கொள்ள கூட எறங்கல. தாலி கட்டுற வரைக்கும் தோள்லயே கெடந்த."

தணிகாசலத்தால் பேச முடியவில்லை. ராமநாதனால் முடிந்தது.

"மேடம்! அப்போ நம்ம பிரசிடென்ட்டே ஐ விட்னஸ்! பிரைமரி சோர்ஸ்! இத்தனை நாளா கையிலேயே வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடியிருக்கோம்!"

"எனக்கு ஒண்ணுமே நெனப்பு இல்லியே சார்" என்றார் தணிகாசலம். போய் அக்காவின் பக்கத்தில் அதே மூட்டையில் உட்கார்ந்தார். நிலத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. "காபி குடிக்கிறியாக்கா?" என்றார். "சக்கர வோணாம், வந்துட்டுது" என்றார் அவர்.

சிற்பிதான் காரியத்தில் கண்ணாக இருந்தார். "இப்போ ஓட்டை போடணுமா, வோணாமா?"

"வோணாம்" என்றார் கன்னியம்மாள். "மீசைய எடுத்துடு. தொப்பிய தலப்பாவா மாத்திடு. அந்தக் கோல ஸ்பானரா பண்ணிடு."

"கண்ணு?"

"கண்ணு இருக்கட்டும். நல்லா கீது."

மலர்

ராமநாதன் லேசில் விடவில்லை. கவர்னர் கதையை "மரபுவழிச் செய்தி" என்று ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போட வேண்டும் என்றார். "மூணு மலர்ல வந்ததை எப்படி மேடம் இல்லேன்னு சொல்றது?" அவர் வருத்தம் எனக்குப் புரிந்தது. குதிரைப்படையோடு வந்தவரைக் கோழிக்கூட்டு மேல் பார்ப்பது யாருக்கும் கஷ்டம்தான். பெட்டி போட்டேன். ஆனால் அதற்கு எதிர்ப்பக்கத்தில் வெட்டிய படத்தையும் வெட்டாத படத்தையும் அடுத்தடுத்து வைத்தேன். அதன் கீழே தகரப் பலகையின் படம். தாண்டவன் சொன்னதை அவர் வார்த்தையிலேயே, டிராக்டரும் இரண்டு தடவை பாயசமுமாக, ஒரு எழுத்து மாற்றாமல் போட்டேன். இப்போது படித்தால் அதில் ஒரு பிழையும் இல்லை. மனிதர் முதலிலிருந்தே ஒரு கல்யாணத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கவர்னர் என்ற சொல்லைக் கேட்டதும் நாங்கள்தான் சிவப்புக் கம்பளம் விரித்துவிட்டோம்.

வளைவில் "கவர்னர் ஏகாம்பரம் தெரு" என்று எழுதினார்கள். பெயிண்ட் காய்வதற்குள் ஒரு வீட்டு புரோக்கர், "முன்னாள் கவர்னர் ஏகாம்பரம் வாழ்ந்த அமைதியான பகுதி, இரண்டு படுக்கையறை" என்று விளம்பரம் போட்டுவிட்டார்.

விழா

சிறப்பு விருந்தினர் ஓய்வு பெற்ற உயர் அதிகாரி ஒருவர். அவரிடம் விவரத்தை எடுத்துச் சொல்லும் பொறுப்பை ராமநாதன் ஏற்றிருந்தார். சொன்னாரா, சொல்ல மனம் வரவில்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கன்னியம்மாளும் தணிகாசலமும் சேர்ந்து திரையை விலக்கினார்கள். ஸ்பானர் ஏந்திய ஏகாம்பரத்தைப் பார்த்து அந்த அதிகாரி ஒரு வினாடி திகைத்தார். பிறகு பையிலிருந்து டைப் அடித்த காகிதத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

"கவர்னர் என்பவர் யார்? தறிகெட்டு ஓடுவதை ஒரு கட்டுக்குள் கொண்டுவருபவர். தளர்ந்தால் தூண்டுவார், மிஞ்சினால் அடக்குவார். அவர் இல்லாவிட்டால் எந்த இயந்திரமும் நெடுநாள் ஓடாது. இந்த மாமனிதரின் நிர்வாகத் திறமையை நாடே அறியும்!"

முன் வரிசையில் தாண்டவன் பலமாகக் கை தட்டினார். ஊரே தட்டியது. தணிகாசலம் கண்ணைத் துடைத்தார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்த கன்னியம்மாள் வாயில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்டியே சொல்றாரேம்மா! ஒரு வார்த்தை தப்பு இல்ல. இவுரு எங்க வூட்டுக்காரர எப்போ பாத்தாரு?"

"பாக்கலம்மா. யாரோ எழுதிக் குடுத்திருக்காங்க."

"எழுதிக் குடுத்தவரு பாத்தாரா?"

"அவரும் ஏதோ புஸ்தகத்தைப் பாத்துதான் எழுதியிருப்பார்."

"அந்த புஸ்தகம் எழுதனவரு?"

கேட்டுவிட்டுக் கன்னியம்மாள் மேடைப் பக்கம் திரும்பினார். பிறகு என் கையைத் தட்டி, "சரி வுடு, கை தட்டு. மரியாதையா பேசுறாரு இல்ல?" என்றார்.

தட்டினேன். தல வரலாறு எழுதுவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த அம்மா கேட்ட கேள்வி ஒன்றுதான். "யார் பார்த்தது?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் போங்கள். பார்த்தவர் கிடைத்துவிட்டால் அவரை நம்புங்கள். அவர் சொன்ன சொல்லுக்கு அந்த ஊரில் என்ன அர்த்தம் என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள். அதற்கப்புறம் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதுங்கள்.